கருங்காய் ஆகும் வரை

தேனி மாவட்டத்துக் கம்பத்தில் காலை ஐந்தரை மணிக்கெல்லாம் தெருமுனைகளில் பெண்கள் தூக்குவாளியோடு நிற்பதைப் பார்க்கலாம். கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகும் ஜீப்புகளுக்காக அவர்கள் நிற்கிறார்கள். போடியிலிருந்து போடிமெட்டு ஏறிப் பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும், கூடலூரிலிருந்து குமுளிக்கும் இதேபோல ஜீப்புகள் போகின்றன. பகலில் கேரளத்தில் வேலை, இரவில் தமிழ்நாட்டில் வீடு என்று வாழும் குடும்பங்கள் இந்தப் பள்ளத்தாக்கில் ஏராளம். 2006-ஆம் ஆண்டு ஆவணியில் நானும் அப்படி ஒரு ஜீப்பின் முன்சீட்டில் ஏறி மலைக்குப் போனேன். எனக்கு வயது 24. தாவரவியலில் ஒரு பட்டமும், சட்டைப் பையில் ஒரு புது நோட்டும், நாற்பது பேரை வேலை வாங்குவது பெரிய வித்தையா என்ற நினைப்பும் என்னிடம் இருந்தன. அறுபது ஏக்கர் தோட்டம் ஒன்றில் சூப்பர்வைசராகச் சேர்ந்து 17 ஆண்டுகள் அங்கேயே இருந்தேன். ஆள் நடத்துவது என்று எங்கள் பக்கம் சொல்கிற அந்தக் காரியத்தில் பொறுமைக்கு என்ன இடம் என்பது, சில காரியங்களை நானே கெடுத்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏலச்செடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இதை விளக்க முடியாது. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரின் அடியிலிருந்து சரம் கிளம்பித் தரையோடு தரையாகக் கிடக்கும். பூவும் காயும் அந்தச் சரத்தில்தான். ஒரே சரத்தின் அடிப்பக்கத்தில் முற்றிய காயும், நடுவில் பிஞ்சும், நுனியில் பூவும் ஒரே நேரத்தில் இருக்கும் என்பதால், நெல்லைப் போல ஒரே நாளில் அறுத்து முடிக்கிற பேச்சே இங்கு இல்லை. ஒரு செடியில் பறித்துவிட்டு மறுபடி அதே செடிக்கு வர முப்பது நாற்பது நாள் ஆகும். இதைத்தான் ஒரு சுற்று என்போம். ஆடி ஆவணியில் தொடங்கும் பறிப்பு, சுற்றுச் சுற்றாக மாசி வரை நீளும். ஒவ்வொரு சுற்றிலும் கருங்காயை மட்டும் எடுக்க வேண்டும். கருங்காய் என்பது பழுப்பதற்குச் சற்று முந்திய பருவம். தோல் பச்சையாகவே இருக்கும், உள்ளே விதை கறுத்திருக்கும். உரிக்காமல், தோலைப் பார்த்தே விதையின் நிறத்தைச் சொல்லத் தெரிவதுதான் பறிக்கிறவரின் தொழில். அதுவும் மழையில், அட்டை கடிக்க, குத்தவைத்து உட்கார்ந்து, சரம் காலில் மிதிபடாமல் சருகை விலக்கிப் பார்த்துச் செய்ய வேண்டிய தொழில்.

எனக்கு அப்போது தெரிந்தது தராசு மட்டும். மாலையில் ஸ்டோருக்கு முன்னால் பைகளை வரிசையாக வைத்து எடை போடுவோம். மற்றவர்கள் 20 கிலோ, 22 கிலோ என்று கொண்டுவரும்போது ஒரு பெண் மட்டும் 12 கிலோவைத் தாண்டவில்லை. மூன்றாவது நாள், நாற்பது பேர் நிற்கும்போது, "அக்கா, எல்லாரும் இருபது கிலோ எடுக்கிற காட்டுல நீங்க மட்டும் பன்னெண்டு எடுத்தா, மிச்ச நேரம் என்னதான் பண்றீங்க?" என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். அந்த அக்கா பதில் சொல்லவில்லை. காலில் அட்டை கடித்து ரத்தம் வழிந்த இடத்தில் சுண்ணாம்பை வைத்து அழுத்திக்கொண்டு, பையை உதறி மடித்துக்கொண்டு போய்விட்டார். நான் அத்தோடு நிற்கவில்லை. மறுநாள் காலை, 18 கிலோவுக்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக்காசு என்று அறிவித்தேன். ஒரே வாரத்தில் எடை ஏறியது. 25 கிலோ, 28 கிலோ எல்லாம் வந்தது. முதலாளி கோட்டயம் பக்கத்துக்காரர்; போனில் கணக்கைச் சொன்னபோது அவருக்கும் சந்தோஷம், எனக்கோ நிலைகொள்ளவில்லை.

அந்தச் சந்தோஷம் ஸ்டோரில் முடிந்தது. ஸ்டோர் என்றால் காயை உலர்த்தும் கட்டடம். பச்சைக்காய் ஏறத்தாழ ஐந்து கிலோ போட்டால் உலர்ந்த காய் ஒரு கிலோ கிடைக்க வேண்டும். அந்த வாரத்துக் காய் ஒரு கிலோவுக்கு ஏழு கிலோ வரை தின்றது. ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட பெரியவரை எல்லோரும் தாத்தா என்றே கூப்பிடுவோம். அவர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அன்று வந்த பச்சைக்காயில் கைக்கு வந்த பத்தை எடுத்து நகத்தால் பிளந்து வரிசையாக வைத்தார். நான்கில் விதை வெள்ளையாக இருந்தது. பிறகு, யாருடைய பை என்று சொல்லாமலே இன்னொரு பையிலிருந்து பத்துக் காய் எடுத்துப் பிளந்தார். பத்தும் கறுப்பு. அது அந்த 12 கிலோ அக்காவின் பை. நட்டம் அந்த வாரத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை; அடுத்த சுற்றில் கருங்காயாகியிருக்க வேண்டியதை எல்லாம் இளங்காயிலேயே பிடுங்கிவிட்டதால், நாற்பது நாள் கழித்துப் போனபோது சரங்கள் மொட்டையாகக் கிடந்தன. தனிக்காசை நிறுத்த ஒரு வாய்ச்சொல் போதுமாக இருந்தது. அந்த அக்காவிடம் போய், நான் பேசியது தப்பு என்று சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது. அதையும் தனியாகச் சொன்னேன். திட்டியது நாற்பது பேருக்கு முன்னால் என்பதால் திருத்தியதும் அங்கேதான் நடந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

அதிலிருந்து ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டேன். தராசு முன்னால் நிற்கும்போது எடையைத் தவிர எதையும் பேசுவதில்லை. ஒருவர் வேலையைப் பற்றி எனக்கு ஏதாவது தோன்றினால், அவர் பறித்த காய் உலர்ந்து வரும் வரை, அதாவது இரண்டு நாள், அதை நோட்டில் எழுதிவைப்பேன். இரண்டு நாள் கழித்தும் அது சொல்லத் தக்கதாகத் தோன்றினால் செடி ஓரத்தில் போய் அவரிடம் மட்டும் சொல்வேன். எழுதியதில் பாதிக்கு மேல் சொல்லாமலே அடித்துவிட்டேன் என்பது அந்த நோட்டுகளைப் புரட்டினால் தெரிகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு நாள் போதாது. மூன்று சுற்று முடியாமல் யாரையும் கெட்டிக்காரர் என்றோ மந்தம் என்றோ முடிவு கட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். முதல் சுற்றில் ஒருவர் செடியைப் பழகுகிறார். அவர் பறித்ததன் பலன் இரண்டாம் சுற்றில்தான் அதே செடியில் தெரிகிறது. மூன்றாவதில்தான் அவருடைய கை என்ன என்று சொல்ல முடிகிறது.

ஆனால் தாத்தாவிடம் நான் உண்மையில் படித்தது அடுத்த ஆண்டு. 2007 தீபாவளிக்கு முந்திய வாரம் அது. ஸ்டோர் நிறைந்து, வராந்தாவிலும் பச்சைக்காய் குவிந்து கிடந்தது. ஏலக்காயை ஏலத்துக்கு அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. (ஏலத்தை ஏலம் விடுவது என்ற வேடிக்கை தமிழில் மட்டும்தான் வாய்க்கும், மலையாளத்தில் காய் ஏலம், விற்பனை லேலம்.) தாத்தா ஒரு கல்யாணத்துக்காகத் தேனிக்குப் போயிருந்தார். எங்களுடையது பழைய மாதிரி ஸ்டோர்: வெளியே விறகு அடுப்பு, உள்ளே அறையைச் சுற்றிப் போகும் தகரக் குழாய், மேலே தட்டுத் தட்டாகக் காய். 45 முதல் 50 டிகிரிச் சூட்டில் ஒரு பகலும் ஓர் இரவும் தாண்டி மெதுவாக உலர்ந்தால்தான் காயின் பச்சை நிறம் நிற்கும். வராந்தாவில் கிடந்த குவியலைப் பார்த்துப் பார்த்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்புப் பையனிடம் விறகைக் கூடத் தள்ளச் சொன்னேன். நள்ளிரவில் சூடு 65-ஐத் தாண்டியிருந்தது. விடிந்து கதவைத் திறந்தபோது வாசனை ஆளைத் தூக்கியது. அதை நல்ல சகுனம் என்று நினைத்த முட்டாள்தனத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. காய்க்குள் நிற்க வேண்டிய எண்ணெய் அல்லவா காற்றில் போய்க்கொண்டிருந்தது! காய்கள் வெளுத்து மஞ்சளடித்திருந்தன. பலவும் வாய் பிளந்து விதையைக் காட்டின.

மதியம் தாத்தா வந்தார். அவர் கத்துவார் என்று நான் எதிர்பார்த்தேன். அதற்கான பதில்களையும் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு பழைய பேப்பரைத் தரையில் விரித்து, இரண்டு கை காயை அதில் கொட்டி, பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம் என்று பொறுக்கத் தொடங்கினார். ஒரு மணி நேரம் இருக்கும். நானும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்து பொறுக்கினேன். முடிந்ததும் மூன்றையும் தனித்தனியாக எடை போடச் சொன்னார். "இப்ப எழுதிக்குங்க தம்பி" என்றார். அவ்வளவுதான். கணக்கை நானே போட்டேன். எட்டு மில்லிமீட்டருக்கு மேல் பருமனான, பச்சை மாறாத காய்க்கு என்ன விலை, வெடித்த காய்க்கு என்ன விலை என்பது எனக்குத் தெரியும். அவசரப்பட்டு மிச்சப்படுத்திய பத்து மணி நேரத்துக்கு என்ன கொடுத்தோம் என்பதை என் கையெழுத்திலேயே நான் படிக்க வேண்டியிருந்தது. அவர் திட்டியிருந்தால் நான் வாதாடியிருப்பேன். தப்புச் செய்தவனே அதைக் கண்டுபிடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கடினம் என்று, பின்னாளில் நானே அதைச் செய்துபார்த்தபோது தெரிந்தது.

அடுத்த லோடுக்கு இரவு முழுவதும் என்னைக் கூடவே உட்காரவைத்தார். தெர்மாமீட்டர் இருந்தும் அவர் அதைப் பெரிதாகப் பார்க்கவில்லை. மணிக்கொரு தரம் உள்ளே போய்த் தட்டுக்குள் கையை விட்டு ஒரு காயை எடுத்துக் காதோரம் ஆட்டுவார். விதை தோலை விட்டுக் கழன்று லேசாகச் சலசலத்தால் தலையை அசைப்பார். விடியும் நேரத்தில் சூட்டோடு சூடாக ஒரு கைப்பிடியைக் கம்பிவலையில் தேய்ப்பார். காம்பும் பூவின் மிச்சமும் உதிர்ந்து காய் வழவழவென்று வந்தால் இறக்கலாம். உதிராவிட்டால் மறுபடி கதவைச் சாத்திவிட்டுப் பீடியைப் பற்றவைத்துக்கொள்வார். அவர் சும்மா உட்கார்ந்திருப்பதாக எனக்கு முன்பெல்லாம் பட்டிருக்கிறது. எதற்காகக் காத்திருக்கிறோம், அது வந்ததை எந்த அடையாளத்தால் தெரிந்துகொள்வது, அதுவரை எத்தனை தரம் எழுந்து போய்ப் பார்ப்பது என்ற மூன்றும் அந்த உட்காருதலுக்குள் இருந்தன. இவை இல்லாத காத்திருப்பும் உண்டு. அதையும் நான் செய்திருக்கிறேன். இனிச் சொல்லப்போவது அதுதான்.

பத்துப் பேர் வசதியாகப் போகக்கூடிய ஜீப்பில் எங்கள் ஆட்கள் 18 பேர் வந்தார்கள். எல்லாத் தோட்டத்து ஜீப்பும் அப்படித்தான் என்பது உண்மை. அந்த உண்மையை நான் சாக்காக வைத்துக்கொண்டேன். டிரைவர் அண்ணன் நல்லவர், எந்த மழையிலும் வண்டியை எடுக்காமல் இருந்ததில்லை. அவரிடம் எப்படிச் சொல்வது, இரண்டாவது ஜீப்புக்கு முதலாளியிடம் எப்படிக் கேட்பது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். "போகப் போகப் பார்க்கலாம்" என்பதைப் பொறுமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 2009 ஐப்பசி மழையில் ஒரு மாலை, இறக்கத்தில் ஒரு வளைவில் பின்சக்கரம் ஓடைக்குள் இறங்கி வண்டி சாய்ந்தது. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். பின்னால் தொங்கிக்கொண்டு வந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் மணிக்கட்டு முறிந்தது. ஏலம் பறிக்கிற பெண்ணுக்கு மணிக்கட்டு என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. கம்பத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "டிரைவரைச் சொல்லி என்ன பண்ண? நீங்களுந்தான் தெனமும் பாத்துக்கிட்டே இருந்தீங்க, தம்பி" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

பக்கத்துத் தோட்டத்துச் சூப்பர்வைசரிடம் பேசி, இரண்டு தோட்டத்துக்கும் சேர்த்து இன்னொரு ஜீப் அமர்த்த எனக்கு நான்கே நாள் ஆனது. இந்த நான்கு நாள் வேலையைத்தான் மூன்று வருடம் தள்ளிவைத்திருந்தேன். அதற்குப் பிறகு, ஒரு விஷயத்தில் பொறுத்துப்போகலாம் என்று தோன்றும்போதெல்லாம் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்: நான் காத்திருப்பதற்கு விலை கொடுப்பது யார்? ஒரு பெண் 20 கிலோவை எட்டும் வரை காத்திருந்தால் விலை கொடுப்பது தோட்டம், ஓரளவுக்கு நான். ஜீப் விஷயத்தில் காத்திருந்தால் விலை கொடுப்பது அவர்கள் உடம்பு. சனிக்கிழமைக் கூலி, மருந்தடித்த காட்டில் மறுநாளே ஆள் இறக்குவது, வாய்க்கு வந்தபடி பேசும் கணக்குப்பிள்ளை போன்றவற்றில் பொறுமை காட்டுகிற சூப்பர்வைசரை நான் நம்புவதில்லை. அந்தப் பெண் மூன்று மாதம் கழித்து வந்தார். ஆனால் பழைய வேகம் திரும்பவில்லை, அடுத்த ஆண்டு வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

2011 டிசம்பரைப் பற்றி எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் இரண்டு பக்கமும் நல்லவர்கள் இருந்தார்கள், இரண்டு பக்கமும் கெட்ட வார்த்தை பேசியவர்களும் இருந்தார்கள். முல்லைப் பெரியாறு அணை விவகாரம் சூடாகி, குமுளியிலும் கம்பம்மெட்டிலும் வண்டிகள் நின்றுபோன மாதம் அது. 1887-இல் தொடங்கி, வெள்ளம் தடுப்புகளை அடித்துக்கொண்டு போகப் போக மறுபடி கட்டி, 1895-இல் முடித்த அணை அது. கட்டிய பென்னிகுவிக்கின் படத்தை எங்கள் பள்ளத்தாக்கில் சாமி படத்தோடு மாட்டியிருப்பவர்கள் உண்டு. அந்த அணையின் பெயரால் ஒரே மாதத்தில் எல்லோருக்கும் பொறுமை போனது. பாதை அடைபட்ட அன்று எங்கள் பெண்கள் 34 பேர் மேலே காட்டுக்குள் இருந்தார்கள். மதியம் செய்தி வந்ததும் பாதிப் பேர் பையைப் போட்டுவிட்டு, காட்டுப்பாதையில் நடந்தே இறங்கிவிடுகிறோம் என்று கிளம்பினார்கள். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். யாரைக் குற்றம் சொல்வது? நான் போக வேண்டாம் என்று ஆணையிடவில்லை, போகலாம் என்றும் சொல்லவில்லை. இருட்டுவதற்குள் இறங்க முடியாது என்பதை மட்டும் சொல்லிவிட்டு, லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், திண்ணையில் அவர்களோடு உட்கார்ந்தேன். கையிலிருந்த போனை வரிசையாக ஒவ்வொருவருக்கும் கொடுத்து வீட்டுக்குப் பேசச் சொன்னேன். வாட்ச்மேன் வீட்டுச் சேச்சி பெரிய பாத்திரத்தில் கஞ்சியும் பயறும் கொண்டுவந்து வைத்தார். இரவு பத்து மணிக்கு, மேட்டிலிருந்து கீழே இறங்கப்போகிறோம் என்ற பேச்சு தானாக அடங்கியது. மறுநாள் நிலவரம் கேட்டு, பகலில், ஆறேழு பேராகப் பிரித்து எல்லைவரை ஜீப்பில் கொண்டுபோய் விட்டோம். அந்தப் பக்கம் வீட்டு ஆட்கள் வந்து அழைத்துக்கொண்டார்கள்.

அதன்பின் மூன்று வாரத்துக்கு மேல் யாரும் வரவில்லை. சரங்களில் காய் பழுத்தது. பழுத்ததை எலியும் அணிலும் தின்றன, மிச்சம் உதிர்ந்தது. முதலாளி தினமும் இரண்டு தரம், "காரியம் எந்தாயி?" என்று கேட்பார். வேறு இடத்திலிருந்து ஆள் கொண்டுவரலாம் என்பது அவர் யோசனை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். கண்முன்னே ஒரு சுற்றுக் காய் மண்ணுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது யாருக்கும் லேசில்லை. நான் அவரிடம் பொறுமையாக இருங்கள் என்று சொல்லவில்லை. பொங்கல் வரைக்கும் தவணை கொடுங்கள், அதற்குள் 20 பேர் திரும்பாவிட்டால் நானே வேறு ஆள் பார்க்கிறேன் என்று ஒரு நாளையும் ஓர் எண்ணையும் சொன்னேன். அதுவரை போகக்கூடிய காயின் மதிப்பையும் எழுதிக் கொடுத்தேன். அவர் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பிறகு கேட்பதைக் குறைத்துக்கொண்டார். மேலே இருப்பவர்களுக்குத் தேதி சொல்லாமல் கீழே இருப்பவர்களுக்காகப் பொறுத்துக்கொள்ள முடியாது என்பது என் அனுபவம். தேதி இல்லாத பொறுமை அவர்கள் கண்ணுக்குக் கையாலாகாத்தனமாகத்தான் தெரியும்.

பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் செய்தேன். வாருங்கள் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. உங்கள் இடத்தில் வேறு ஆள் வைக்கவில்லை, பாக்கிக் கூலி இன்னாரிடம் கொடுத்திருக்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்வேன். பாதை திறந்த முதல் நாள் 11 பேர் வந்தார்கள். பொங்கலுக்குள் 29 பேர். ஐந்து பேர் வரவே இல்லை. அதில் இருவர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அந்த ஆண்டு என் போனஸில் முதலாளி நன்றாகவே கை வைத்தார் என்பதையும் எழுதிவிடுகிறேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்கு அந்த வருடம் பூமியும் கிடைக்கவில்லை, புது மோட்டார் சைக்கிளும் கிடைக்கவில்லை.

பொறுமை எப்போதும் லாபம் என்று நான் சொன்னால் அது பொய். 2018 ஆகஸ்டு வெள்ளத்திலும் மண்சரிவிலும் இடுக்கியின் தோட்டங்கள் அடிபட்டன. அடுத்த கோடையில் மழையும் பொய்த்தது. காய் குறைந்து, விலை மலை ஏறியது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனபோது, முதலாளிக்குத் தூக்கம் போய்விட்டது. நாற்பது நாள் சுற்றை இருபது நாளாக்கு, இளங்காயானாலும் பறி என்றார். 2006 நோட்டை எடுத்துக் காட்டினேன். "பத்து நாள் கழிச்சு இந்த விலை நிக்கும்னு எழுதித் தருவியா?" என்று கேட்டார். என்னால் எழுதித் தர முடியவில்லை. கடைசியில் தோட்டத்தைப் பாதியாகப் பிரித்தோம்: கிழக்குப் பாதி அவர் சொன்னபடி, மேற்குப் பாதி நான் சொன்னபடி. அந்த மாதக் கணக்கில் அவர் பாதிதான் கூடப் பணம் பார்த்தது. சீசன் முடிவில் இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக வந்து நின்றன. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் விலை ஆயிரத்தைச் சுற்றி வந்து விழுந்ததைப் பார்த்தால், அவர் கணக்கை முழுத் தப்பு என்று சொல்ல எனக்கு வாயில்லை.

ஆனால் அவர் நோட்டில் ஏறாத ஒரு செலவு இருந்தது. அது என் நோட்டில் ஏறியது. கிழக்குப் பாதியில் பறித்த பெண்கள், இளங்காயைக் கண்டால் கையை எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை அந்த இரண்டு மாதத்தில் விட்டுவிட்டார்கள். பத்து வருடம் பறித்தவர்கள்கூட விட்டார்கள், ஏனென்றால் பறி என்று சொன்னது நாங்கள்தான். மறுபடி அந்தக் கைகளைப் பழைய நிதானத்துக்குக் கொண்டுவர எனக்கு ஒரு முழு சீசன் பிடித்தது. இடையில் கொரோனா ஊரடங்கு வந்து, எல்லை தாண்ட பாஸ் வாங்கி, ஆளில்லாமல் திண்டாடி, அது இன்னும் நீண்டது. ஒரு தலைமை அவசரப்பட்டால் அந்த அவசரத்தைக் கீழே உள்ளவர்கள் உத்தரவாக மட்டும் எடுத்துக்கொள்வதில்லை, இனி வேலை என்றால் இதுதான் என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். உத்தரவை மறுநாள் மாற்றிவிடலாம். மற்றதை மாற்ற, காய் பிளந்து காட்டி, மறுபடி காய் பிளந்து காட்டி, செடி செடியாகப் போக வேண்டியிருந்தது.

நான் தோட்டத்தை விடுவதற்கு முந்திய சீசன், 2022-இல், ஜார்க்கண்டிலிருந்து ஆறு பேர் புதிதாக வந்தார்கள். கம்பத்துப் பெண்களுக்கு வயதாகிவிட்டது, அவர்கள் பிள்ளைகள் இந்த வேலைக்கு வருவதில்லை. அந்த ஆறு பேருக்குத் தமிழும் தெரியாது, மலையாளமும் தெரியாது. எங்களுக்கு இந்தி என்றால் எண்கள் மட்டும். அவர்களில் ஒரு பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். அவளை அந்த 12 கிலோ அக்காவோடு சேர்த்து அனுப்பினேன். அவர் இப்போது எல்லோருக்கும் பெரியக்கா; பறிக்கும் குழுவை நடத்துபவரும் அவர்தான். இரண்டாம் நாள் மழை விட்டிருந்த நேரத்தில் அவர்கள் இருந்த காட்டுப் பக்கம் போனேன். அந்தப் பெண் ஒரு கை நிறையக் காய் பறித்து நீட்டினாள். தூரத்திலிருந்து பார்த்தபோதே பாதி இளங்காய் என்று எனக்குத் தெரிந்தது. வாய்வரை வந்துவிட்டது. பெரியக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஒரு மரத்தடியில் ஒதுங்கி, காலில் அட்டை பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. அவள் கையிலிருந்து ஒரு காயை எடுத்து நகத்தால் பிளந்து, வெள்ளை விதையைக் காட்டினார். அதை அவளுடைய இடது உள்ளங்கையில் வைத்தார். பிறகு சரத்தின் அடிப்பக்கத்தில் தேடி ஒன்றைப் பறித்துப் பிளந்து, கறுப்பு விதையை வலது உள்ளங்கையில் வைத்தார். அவளையே ஒன்று பறிக்கச் சொல்லிச் சைகை காட்டினார். அவள் பறித்தாள், பிளந்தாள், வெள்ளை. இன்னொன்று, வெள்ளை. பெரியக்கா சருகில் உட்கார்ந்து வெற்றிலைப் பொட்டலத்தை அவிழ்த்தார். ஏழாவதோ எட்டாவதோ காயை அவள் உடனே பறிக்காமல், விரலால் புரட்டி, தோலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பறித்துப் பிளந்தாள். கறுப்பு. இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

அன்று மாலை தராசில் அவள் பை 7 கிலோ நின்றது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டில் அவள் பெயருக்கு நேரே 7 என்று எழுதிவிட்டு, அடுத்த பையை வைக்கச் சொன்னேன்.